ஜன்னலோரத்துக் கப்கேக்

பெரியவள் இன்று பல் தேய்ப்பதற்கு முன்பே ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். முட்டை இருந்தது. வெண்ணெய் இருந்தது. யாரும் எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. இருந்தாலும் வெண்ணெய் சுற்றிய காகிதம் நேற்று அவள் மடித்த மாதிரியே மடிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

இப்படிப்பட்ட ஆள் இல்லை அவள். பீரோ சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவள். அவளை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது ஒரு எலுமிச்சைக் கப்கேக்.

கதையை முதலிலிருந்து பிடித்துக்கொள்வோம். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, வீட்டு அடுப்படியிலேயே கப்கேக் செய்து மூலைக் காபிக் கடைக்குக் கொடுத்து வருகிறாள் நம் பெரியவள், அந்த வீட்டு மூத்த மருமகள். நடுவில் குழி எடுத்து, எலுமிச்சையோ ஸ்ட்ராபெர்ரியோ ஃபில்லிங் வைத்து, மேலே பட்டர்கிரீமைச் சுற்றிச் சுற்றி ஏற்றிய கப்கேக். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாகப் பெட்டிகள் திரும்பி வருகின்றன.

"தரை துடைக்கிற மருந்து வாசனை அடிக்குதாம். ஒருத்தங்க ஒரு கடி கடிச்சுட்டு அப்படியே வச்சிட்டுப் போயிட்டாங்க" என்று போன வாரம் காபிக் கடைக்காரர் போனில் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வருத்தமாகச் சொன்னார். இன்று சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் பார்க்கப் போகிறார். பிடித்தால் ஆர்டர் தொடரும். இல்லையென்றால் இன்றோடு சரி.

அளவு தப்பவில்லை, அடுப்பு தப்பவில்லை. அப்படியானால் யாரோ கை வைக்கிறார்கள். அந்த அடுப்படிக்குள் போய் வருவது மூன்றே பேர். பெரியவள், அவள் மாமனார், கொழுந்தன் பெண்டாட்டி.

மாமனார் மேல் சந்தேகப்பட வழியில்லை. தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிறதே உத்தியோகமாக இருந்தவர். உர்ரென்று ஒரு உறிஞ்சு உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, இலை எந்த மலைச்சரிவில் பறித்தது என்று சொல்லிவிடுவாராம். சர்க்கரை வியாதியில் தன் அம்மா கண்ணை இழந்ததைப் பார்த்தவள் பெரியவள். தனக்கும் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து தான் செய்கிற பண்டத்தைத் தானே நாக்கில் வைப்பதில்லை. அவளுக்கு நாக்கு மாமாதான்.

மிச்சம் யார்? சின்னவள். கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. மருந்துக் கடையில் வேலை, மாறி மாறி ஷிஃப்ட். அவள் அவசர அவசரமாக வேலைக்குக் கிளம்பிப் போன நாட்களாகப் பார்த்துத்தான் புகார் வந்திருக்கிறது. கெடுத்துவிட்டு ஓடிவிடுகிறாள் என்று பெரியவள் கணக்குப் போட்டாள். அவள் புருஷன் அவளை 'சி.ஐ.டி.' என்று கூப்பிட ஆரம்பித்திருப்பது சும்மா இல்லை.

* * *

காலையில் எலுமிச்சை ஃபில்லிங்கைக் கிண்டி இறக்கி ஆறவைத்தாள். மஞ்சள் கருவும் சர்க்கரையும் சாறும் வெண்ணெயும் சேர்ந்து பளபளவென்று வந்திருந்தது. ஒரு ஸ்பூனில் எடுத்துக்கொண்டு போய் மாமாவிடம் நீட்டினாள்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். கண்ணை மூடினார். உர்ரென்ற சத்தம். அடுப்படிச் சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம்கூட மரியாதையாக நிற்பது மாதிரி இருந்தது.

"எலுமிச்சை எட்டிக்கூடப் பாக்கலையேம்மா. எசன்ஸ் இன்னும் கொஞ்சம் விடு."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க மாமா. அதனால இன்னிக்கு முதல்லயே கூட்டித்தான் விட்டேன்."

"நாக்கு யாருது? உன்னுதா, என்னுதா?"

அவள் எசன்ஸ் விட்டாள். மறுபடி ஒரு ஸ்பூன். மறுபடி விடச் சொன்னார். மூன்றாம் தடவைதான் தலையை ஆட்டினார். நாள் முழுக்க எசன்ஸ் வாசனையிலேயே நிற்கிறவள் என்பதால் அவள் மூக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"இப்ப கரெக்ட். இனிமே இதுல யார் கையும் படாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் ருசி பாக்கறப்ப சரியாத்தான் இருக்கு. கடைக்குப் போறப்ப எப்படி மாறுது? நான் யாரையும் சொல்லலை. நீயே யோசி."

யோசிக்க என்ன இருக்கிறது? அவள் ஏற்கெனவே ஒரு பொறி யோசித்து வைத்திருந்தாள். ஃபில்லிங்கின் மேல் ஆடை படியாமல் இருக்க, பிளாஸ்டிக் தாளை அதன்மேல் ஒட்டினாற்போல் விரித்து மூடுவது வழக்கம். கிண்ணத்தின் ஓரத்தில் தாளை வேண்டுமென்றே ஒரு கிள்ளு கிள்ளி மூன்று சுருக்கம் வைத்தாள். முந்தாநாளும் இப்படித்தான் வைத்தாள். திரும்பி வந்து பார்த்தபோது தாள் இஸ்திரி போட்டது போல் இருந்தது.

"மாடியில துணி காயப் போட்டுட்டு வரேன்" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்படியில் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் அடுப்படி ஜன்னல் வழியாக மேடை முழுசாகத் தெரியும்.

ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருக்கவில்லை. சின்னவள் ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். கிண்ணத்தின் தாளைப் பிரித்து, விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் கோணியது. ஃபிரிட்ஜின் அடித்தட்டில் காய்கறிக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். அதற்குள்ளும் மஞ்சளாக ஏதோ இருந்தது. கிண்ணத்தில் இருந்ததைக் கொட்டப் போனாள்.

"கொட்டு, கொட்டு. ஏன் நிறுத்திட்ட?"

சின்னவள் கையிலிருந்த கிண்ணம் மேடையில் இடித்தது. பெரியவள் வாளியோடு வாசற்படியில் நின்றாள். பிடித்துவிட்ட சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

"அக்கா, நான்..."

"என்ன அது டப்பாவில? உங்க மருந்துக் கடைச் சரக்கா?"

"எலுமிச்சைதான் அக்கா. நான் கிண்டினது."

"என் ஃபில்லிங்கைக் கொட்டிட்டு உன்னுதை வைக்கணும்னு உனக்கு யார் சொன்னாங்க? உனக்கு வேணும்னா தனியா ஒரு அடுப்பு வச்சு நடத்து. என் பொழப்புல ஏன் கை வைக்கிற?"

சின்னவள் கூடத்துப் பக்கம் பார்த்தாள். பேப்பர் புரட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

"ஒரே ஒரு சொட்டு நீங்களே வாயில வச்சுப் பாருங்க அக்கா. ரெண்டையும்."

"நான் வாயில வைக்க மாட்டேன்னு தெரிஞ்சுதானே சொல்ற?"

அதற்குள் மாமா கூடத்துப் பக்க வாசலில் வந்து நின்றார். நடந்ததைக் கேட்கவில்லை. கேட்காமலே பெருமூச்சு விட்டார். "நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

சின்னவள் அவரையே பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று பெரியவளுக்குத் தோன்றியது. அவளோ துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பதில் இல்லாதவர்கள்தான் அப்படிப் போவார்கள் என்று பெரியவள் முடிவு கட்டினாள். உடனே புருஷனுக்குப் போன் போட்டாள்.

"சீக்கிரம் வாங்க. உங்க தம்பியையும் கூட்டிட்டு வாங்க. இனிமே ஒரே அடுப்பு சரிப்படாது."

"என்ன சி.ஐ.டி., ஆளைப் பிடிச்சாச்சா?"

"சாட்சியோட பிடிச்சாச்சு" என்றாள். அந்தச் சாட்சியை, அதாவது சின்னவளின் டப்பாவை, யாரும் தொடாதபடி ஃபிரிட்ஜின் மேல்தட்டில் எடுத்து வைத்தாள்.

* * *

கோபத்தில் கை வேகமாக ஓடும். ஆறின கேக்குகளை வரிசையாக வைத்து, கிரீம் பிழியும் நாசிலின் அகன்ற பக்கத்தை நடுவில் அழுத்தித் திருகிக் குழி எடுத்தாள். எசன்ஸ் விட்ட ஃபில்லிங்கை நிரப்பினாள். வெட்டிய துண்டின் மேல் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி மூடிபோல் வைத்தாள். வெண்ணெயை வெளுக்க அடித்து, சர்க்கரைப் பொடியைச் சேர்த்து, பட்டர்கிரீமைக் கோனில் ஏற்றினாள். ஒரு டஜனுக்குச் சுற்றி முடித்தாள். அடுத்த டஜன் கேக் இன்னும் குழி எடுக்காமல் மிச்சம் இருந்தது.

ஜன்னலோரம் ஒரு தட்டில் இன்னும் இரண்டு கப்கேக்குகள் இருந்தன. நேற்று போட்டோவுக்காகச் செய்தவை. பார்க்க அச்சு அசல். ஆனால் மேலே சுற்றியிருப்பது பட்டர்கிரீம் இல்லை. வெயிலில் உருகாமல் நிற்க வனஸ்பதியும் சோளமாவும் போட்டு அடித்தது. உள்ளே மஞ்சளாக இருப்பது கலர் கலந்த கஞ்சி. கெட்டுப்போகாமல் இருக்க அதில் ஒரு கை உப்பு அள்ளிப் போட்டிருந்தாள். நாய் மோந்து பார்த்தால்கூட நகர்ந்து போகும்.

கையெல்லாம் பிசுபிசுவென்று இருக்க, கழுவப் பின்பக்கம் போனாள். திரும்பி வரும்போது மாமா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். தட்டில் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று அவர் கையில், பாதிக்கு மேல் காலி.

"மாமா, அதை..." என்று வாய் வரைக்கும் வந்தது.

அவர் கண்ணை மூடியிருந்தார். மெதுவாக மென்றார். மீசையில் வனஸ்பதி வெள்ளையாக ஒட்டியிருந்தது. விழுங்கிவிட்டு, மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டார்.

அவள் குரல் அவளுக்கே கேட்காத மாதிரி வந்தது. "எப்படி இருக்கு மாமா?"

"இப்பதாம்மா கப்கேக். எலுமிச்சை நாக்குல அப்படியே நிக்குது. இனிப்பு மட்டும் ஒரு பிடி தூக்கல்." விரலைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா, சின்னவ கை படலை. அதான்."

சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பேப்பர் புரளும் சத்தம் கேட்டது.

பெரியவள் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கை உப்பு. அவள் கையாலேயே போட்ட உப்பு.

எத்தனையோ நாளாக வாயில் இனிப்புப் படாதவள், எசன்ஸ் விட்ட கிண்ணத்தை ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். சுருக்கென்றது. கழிவறை கழுவியது போல் ஒரு வாடை மூக்கு வரைக்கும் ஏறியது. தொட்டியில் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தாள். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து சாட்சியை எடுத்தாள்.

சின்னவளின் எலுமிச்சை முதலில் புளித்தது, அப்புறம் இனித்தது, அப்புறம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றியது. ஆரம்பத்தில் காபிக் கடைக்காரர் ஆசையாக வாங்கிப்போனாரே, அந்த எலுமிச்சை. பெரியவளின் சொந்த அளவு, எசன்ஸ் கூட்டாத பழைய அளவு. அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

* * *

கதவைத் தட்டினாள். சின்னவள் திறந்தாள். கட்டில் மேல் பெட்டி திறந்து கிடந்தது. பாதி துணி உள்ளே போயிருந்தது.

"பெட்டியை அப்புறம் அடுக்கலாம். வந்து குழி எடு."

"என்னக்கா?"

"கடைக்காரர் வர நேரமாச்சு. அந்த டஜனைத் தூக்கிப் போடணும். உன் டப்பாவுல இருக்கிறது ஒரு டஜனுக்குத் தாங்குமா?"

சின்னவள் அவள் முகத்தைப் பார்த்தாள். தாங்கும் என்று தலையாட்டினாள். இரண்டு பேரும் மேடை முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சின்னவள் குழி எடுத்து நிரப்பினாள், பெரியவள் பட்டர்கிரீம் சுற்றினாள்.

"எவ்வளவு நாளாத் தெரியும் உனக்கு?" பெரியவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மாமாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்தாரில்ல, அதுல இருந்தே. வாசனையும் தெரியலை, ருசியும் தெரியலை. நான் வீட்டுல இருக்கற நாள்ல மாத்தி வச்சிடுவேன். ஷிஃப்ட் இருந்தா முடியாது."

பெரியவளின் கோன் நின்றது. சின்னவள் வேலைக்குப் போன நாட்களில்தான் புகார். வீட்டில் இருந்த நாட்களில் ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை. அதே கணக்கு. தலைகீழாகப் போட்டிருக்கிறாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லாதேன்னு கையெடுத்துக் கும்பிட்டார் அக்கா. அவ்வளவு பெரிய மனுஷன் கும்பிட்டா நான் என்ன பண்றது? என் நாக்கு போச்சுன்னு தெரிஞ்சா இந்த வீட்டுல நான் வெறும் நாற்காலிதான்னார்."

"உன்மேலயே பழியைத் தூக்கிப் போட்டாரே. அது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

சின்னவள் மூடியை வைத்து மெதுவாக அழுத்தினாள். "அதைக்கூடப் பொறுத்துக்குவேன். போன வாரம் நான் வேலை முடிஞ்சு வந்தப்ப அடுப்புல பால் பொங்கி நெருப்பு அணைஞ்சிருக்கு. கேஸ் உஸ்ஸுன்னு வந்துட்டிருக்கு. வாசல்லயே எனக்கு மூச்சு முட்டுச்சு. அவர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தார். கேஸை மூடி ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன், அதையும் யார்கிட்டயும் சொல்லலை. அதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லை அக்கா."

பெரியவள் எட்டி அடுப்புத் திருகைத் தொட்டுப் பார்த்தாள். பகலில் தான் கடைக்குப் போகும்போது வீட்டைப் பூட்டாமல் விட்டுப் போவது அவரை நம்பித்தான்.

காலிங் பெல் அடித்தது.

காபிக் கடைக்காரர் செருப்பைக்கூட ஓரமாக விட்டுவிட்டு, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். ஒன்றை எடுத்துப் பிட்டார். உள்ளிருந்த மஞ்சளை முகர்ந்தார். சாப்பிட்டார். இன்னொன்றை எடுத்தபோதுதான் பெரியவளுக்கு மூச்சு வந்தது.

"இது. இதைத்தான் நான் கேக்கறேன். நாளையிலிருந்து வழக்கம்போல கொடுங்க" என்றார். "நடுவுல என்னதான் ஆச்சு?"

"அடுப்படின்னா ஆயிரம் இருக்கும்" என்றார் மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி. "இன்னிக்கு நானே பக்கத்துல இருந்து பாத்தேன். இனிமே தப்பு வராது."

சின்னவள் தரையைப் பார்த்தாள். பெரியவள் மாமாவின் மீசையைப் பார்த்தாள். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் வனஸ்பதி இருந்தது. அவரைத் திட்டவும் தோன்றியது, துடைத்துவிடவும் தோன்றியது.

கடைக்காரர் படியிறங்கிப் போகும்போதே அண்ணனும் தம்பியும் உள்ளே வந்தார்கள். அவள் போட்ட போன் அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சின்னவளின் புருஷன் நேராக அறை வாசலுக்குப் போய், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி, என்ன பண்ணினா இவ?"

பெரியவள் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "உக்காருடா. சொல்றதுக்குச் சங்கடமாத்தான் இருக்கு. அண்ணி கையும் களவுமா பிடிச்சுட்டா. இவளை இனிமே அடுப்படிப் பக்கம் விடக் கூடாது. நீ தனியா ஒரு வீடு பாத்துக்கிறது நல்லது."

சின்னவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள், மாமனார் முகத்தைப் பார்த்தாள். பெரியவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மட்டும் லேசாக அசைத்தாள்.

பெரியவள் அடுப்படிக்குள் போனாள். திறந்த வீட்டையும், ஸ்டூலையும், உஸ்ஸென்ற சத்தத்தையும் நினைத்துக்கொண்டாள். ஜன்னலோரத்துத் தட்டைக் கையில் எடுத்தாள். திரும்பி வரும்போது சின்னவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பெரியவள் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

தட்டில் இருந்த ஒற்றைக் கப்கேக்கைக் கத்தியால் இரண்டாக வெட்டி, அண்ணன் முன்னால் ஒன்றும் தம்பி முன்னால் ஒன்றும் வைத்தாள்.

"எந்த முடிவா இருந்தாலும் அப்புறம் பேசலாம். முதல்ல ஆளுக்கு ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள். "மாமா மத்தியானம் இதே மாதிரி ஒண்ணு முழுசாச் சாப்பிட்டார். இனிப்பு ஒரு பிடி தூக்கல்னு சொன்னார்."

மாமாவின் கையிலிருந்த பேப்பர் மடியில் நழுவி விழுந்தது. அண்ணன் தன் பாதியை எடுத்து வாயில் வைத்தான்.